காலையிலேயே சிரித்துவிட்டவர்கள்

நான் நின்றேன். ராஜவேலுவும் நின்றான். எதிரே படிப்படியாக உயர்ந்துபோன பெஞ்சுகளில் அறுபது பேர் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

இடம், சென்னையில் ஒரு தொலைக்காட்சியின் படப்பிடிப்புத் தளம். வெளியே கத்திரி வெயில். உள்ளே ஏசி போட்டு விரல் மரத்துப் போகும்படி வைத்திருந்தார்கள். என் தலையில் பிரெஞ்சுப் பட்டாளத்துக் கெப்பித் தொப்பி. உடம்பில் நான்கு மெடல் தொங்கும் கோட்டு. மூக்குக்குக் கீழே பசை வைத்து ஒட்டிய நரைத்த மீசை. பக்கத்தில் பூப்போட்ட வாயில் புடவையும் கொண்டையில் கனகாம்பரமுமாக ராஜவேலு. நான் புருஷன், அவன் பெண்டாட்டி. பன்னிரண்டு வருஷமாக எங்கள் மேடைக் குடும்பம் அப்படித்தான் நடந்துவந்தது.

நாங்கள் நின்றது ஒரு சிரிப்புக்காக.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களை எங்கள் பாண்டிச்சேரியில் சொல்தா என்போம். நான் நடிக்கும் சொல்தா, ரிட்டையராகிப் பல வருஷம் ஆகியும் வீட்டைப் பாசறையாகவே நடத்துகிறவர். மார்பை நிமிர்த்தி, "பாலைவனத்துல மூணு நாளு தண்ணி இல்லாம இருந்தவன்டி நானு!" என்று முழங்குவார். பெண்டாட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இங்கயுந்தான் மூணு நாளா மோட்டாரு ரிப்பேரு. போயி எங்கம்மா வூட்ல ரெண்டு கொடம் புடிச்சாந்து குடு" என்பாள். சொல்தா கொஞ்சம் யோசிப்பார். குரலைத் தாழ்த்தி, "அங்க போவறதுக்குத் துப்பாக்கி எதுனா குடுப்பாங்களா?" என்று கேட்பார்.

இந்த இடத்தில் சிரிப்பு வராமல் இருந்ததே கிடையாது. கல்யாண வரவேற்பில் பந்திக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள்கூட நின்று சிரித்துவிட்டுத்தான் போவார்கள்.

அன்றைக்கு வரவில்லை. நான் காத்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். ஏழு வரைக்கும் போனது. ராஜவேலு முந்தானையைச் சரிசெய்ய ஆரம்பித்தவன், பாதியில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றான். பிறகு நான் மேடைக்காரர்கள் யாரும் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தேன். அதே வசனத்தை இன்னும் உரக்கச் சொன்னேன். வாயை மூடிக்கொண்ட குழந்தைக்கு இரண்டு கவளம் சேர்த்துத் திணிப்பது போன்ற வேலை அது.

அப்போதும் சத்தமில்லை. அடுத்த வசனம் எனக்கு மறந்தே போனது.

"கட்!"

கனகசெட்டிக்குளத்து வாசகருக்கு

போன வாரம் இந்தத் தொடரில், மைக் செத்துப்போன கல்யாண மண்டபத்தில் வெறும் தொண்டையை வைத்து நிகழ்ச்சியை முடித்துக் கைதட்டு வாங்கிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு வாசகர் ஆசிரியருக்குப் போன் போட்டிருக்கிறார். "அந்தம்மா ஜெயிச்ச கதையாவே எழுதிக்கினு இருக்காங்களே, ஒரு எடத்துலகூட மண்ணக் கவ்வினது கெடையாதா?" என்று கேட்டாராம்.

நியாயமான கேள்வி. கவ்வியிருக்கிறேன் ஐயா. வாய் நிறையக் கவ்வியிருக்கிறேன். அந்தக் கதைதான் இந்த வாரம்.

ஆனால் அதற்கு முன்னால், வசனத்தைச் சொல்லிவிட்டு ஏன் அப்படி மரம் மாதிரி நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். டிவிக்காரர்கள் எல்லாரும் எனக்கு வசனம் மறந்துவிட்டது என்றே நினைத்தார்கள். மறந்தது அப்புறம்தான். முதலில் நின்றது என் பிழைப்பு கற்றுத்தந்த பழக்கம்.

பேதுருவும் சிலிண்டரும்

நெல்லித்தோப்பில் எங்கள் பங்குக் கோயிலில் தவக்காலத்தில் பாஸ்கா நாடகம் போடுவோம். இயேசுவின் பாடுகளை நடிக்கிற நாடகம். பத்தாவது படிக்கும்போது அதில் எனக்கு முதல் வேஷம் கிடைத்தது. தலைமைக் குரு வீட்டு வேலைக்காரி. முற்றத்தில் குளிர் காய்கிற பேதுருவைப் பார்த்து, நீயும் அவரோடு இருந்த ஆள்தானே என்று கேட்க வேண்டும். அவர் இல்லையென்று மறுக்க வேண்டும். மொத்தம் இரண்டே வசனம்.

பேதுருவாக நடித்தவர் எங்கள் தெருவுக்கு கேஸ் சிலிண்டர் போடுகிறவர். நான் கேட்டேன். அவர் கையை விரித்து, "இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது" என்றார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று வந்தது.

"சிலிண்டரு கேட்டாலும் இதையேதான்யா சொல்ற!"

கோயில் வளாகமே சிரித்தது. பாதர் முகம் சிவந்தது. பேதுரு வெட்கத்தில் தலை குனிந்தார், அது காட்சிக்குப் பொருத்தமாகவே இருந்தது. நான் என் இரண்டாவது வசனத்தை உடனே சொல்லவில்லை. சிரிப்பு ஏறி, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கும்வரை நின்றேன். முழுவதும் அடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், "பொய் சொல்லாதே! உன்னை நான் பார்த்தேன்!" என்றேன். முதல் சிரிப்பைவிடப் பெரிதாக இரண்டாவது வந்தது.

அதோடு பாஸ்கா நாடகத்தில் என் கதை முடிந்தது. பாதர் அடுத்த வருஷம் என்னைத் திரை இழுக்கப் போட்டார். ஆனால் எனக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது. சிரிப்புக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். அது இறங்கும்போது நாம் ஏற வேண்டும். பின்னாளில் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, லீவு போட்டுவிட்டு மேடை மேடையாக ஏறியபோதெல்லாம் அந்த ஒரு வித்தைதான் எனக்குச் சோறு போட்டது.

பெண்டாட்டி வேஷம் வேண்டாம்

முதலில் எல்லா நகைச்சுவைக் குழுவிலும் எனக்குக் கொடுத்தது பெண்டாட்டி வேஷம். புருஷன் வசனம் சொல்லுவான், நான் "போங்க" என்று வெட்கப்பட வேண்டும். சில குழுவில் அந்த வேஷமும் கிடைக்காது. அதற்கு ஓர் ஆண் புடவை கட்டி வந்துவிடுவான். ஆண் புடவை கட்டினால் வந்து நின்றதுமே சிரிக்கிறார்கள், பெண் புடவை கட்டினால் யார் சிரிப்பார்கள்? அவர்கள் கணக்கில் தப்பில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

ஒரு பங்குத் திருவிழாவில் சொல்தா வேஷம் போட வேண்டியவர் வரவில்லை. பாரிசிலிருந்து மச்சான் வந்துவிட்டாராம். நான் யாரையும் கேட்கவில்லை. கெப்பியை எடுத்துத் தலையில் வைத்தேன். எங்கள் தெருவில் பார்த்த அத்தனை சொல்தாக்களின் நடையும் காலுக்குள் வந்துவிட்டது. ரொட்டி வாங்கப் போனாலும் கடைக்கு முன்னால் இடது காலைத் தட்டி நிற்பவர், நாய் குறுக்கே வந்தால்கூட "பர்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு ஒதுங்குபவர், எல்லாரும் வந்தார்கள். முன்வரிசையில் நிஜமான சொல்தா ஒருவரே உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"சிரிக்கட்டும், பரவால்ல. ஆனா கெப்பிய கோணையா வச்சா எனக்குக் கோவம் வரும்" என்றார்.

அன்றிலிருந்து கோணையாக வைத்ததில்லை.

அதே மேடையில்தான் ராஜவேலு கிடைத்தான். வீராம்பட்டினத்துக்காரன். வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள், இவன் மட்டும் புடவை கட்டி மேடைக்கு வந்தவன். வேஷத்துக்காக மீசையை எடுத்த அன்று அவன் அப்பா ஒரு வாரம் பேசவில்லையாம். மேடையில் எனக்குப் பெண்டாட்டி. இறங்கிவிட்டால் "செலினக்கா" என்று கூப்பிடும் தம்பி. பார்க்கிறவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் யார் ஆண் யார் பெண் என்பதே மறந்துபோகும். சண்டை மட்டும்தான் நினைவிருக்கும்.

டிவியில் சிரிப்புப் போட்டி என்று அறிவித்தபோது விண்ணப்பம் போட்டது நான்தான். முதல் தேர்வு ஒரு சின்ன அறையில் மூன்று பேர் முன்னால் நடந்தது. மூவரும் சிரித்தார்கள். இரண்டாவது சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். முகக்கவசமெல்லாம் கழற்றிவிட்டு ஜனங்கள் மறுபடி கூட ஆரம்பித்திருந்த சமயம். பள்ளிக்கூடத்தில் சொந்தக்காரர் கல்யாணம் என்று பொய் சொல்லி லீவு வாங்கினேன். விடியற்காலை பஸ்ஸில் ஏறினோம். மரக்காணத்தைத் தாண்டி பஸ் ஒரு மணி நேரம் படுத்துவிட்டது. தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை.

நாங்கள் போவதற்கு முன்னாலேயே அங்கே என்ன நடந்து முடிந்திருந்தது என்பதுதான் விஷயமே.

"ஃபேமிலி ஆடியன்ஸ் எடுத்துக்க மாட்டாங்க"

கட் சொன்னதும் இயக்குநர் இறங்கி வந்தார். முப்பது முப்பத்தைந்து வயசிருக்கும். கெட்டவர் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், பிளாங்க் ஆயிட்டீங்களா?"

"இல்ல சார். சிரிப்பு வரும்னு நின்னேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காதில் மாட்டியிருந்த கருவியில் யாரோ என்னவோ சொன்னார்கள். தலையாட்டிவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம். ஒரு சின்ன சேஞ்ச் மட்டும். ராஜவேல் சார் லேடி கெட்டப் சூப்பர், அது அப்படியே இருக்கட்டும். சோல்ஜர் ரோலுக்கு வேற டீம்லேர்ந்து ஒரு பையன் இருக்கான், நல்லா பண்ணுவான். நீங்க பக்கத்து வீட்டு லேடியா நின்னுக்கோங்க. ரெண்டு டயலாக் தர்றேன்."

"ஏன் சார்?"

"தப்பா எடுத்துக்காதீங்க. ஜென்ட்ஸ் லேடி வேஷம் போட்டா காமெடி. லேடி ஜென்ட்ஸ் வேஷம் போட்டா… ஃபேமிலி ஆடியன்ஸ் எடுத்துக்க மாட்டாங்க. இப்பவே பாத்தீங்கல்ல?"

பெஞ்சுகளைக் காட்டினார். அறுபது பேரும் அதே மூடிய வாயுடன் உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி அவர் பக்கம் இருந்தது.

மேக்கப்காரர் வந்து கையை நீட்டினார். "கெப்பியக் குடுத்துடுங்க மேடம். மீசைய நானே எடுத்துடறேன்."

நான் கொடுக்கவில்லை. போட்டியில் தோற்பது எனக்குப் புதிதில்லை. தோற்றால் ஊருக்குப் போய் அடுத்த மேடையில் ஏறிக்கொள்ளலாம். ஆனால் என் சொல்தாவை வேறொருவன் தலையில் வைத்துவிட்டு நான் பக்கத்து வீட்டுக்காரியாக நின்றால், இருபது வருஷம் எதற்காக மல்லுக்கட்டினேனோ அது மொத்தமும் போய்விடும். மறுபடி "போங்க" என்று வெட்கப்படும் இடத்துக்கே திரும்ப வேண்டும். எனக்கு அவமானமாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மீசைப் பசை இளகும் என்று அடக்கிக்கொண்டேன்.

"பதினோரு மணிக்கு எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு இயக்குநர் போனார்.

ராஜவேலு என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் இது வாழ்க்கை. வீராம்பட்டினத்தில் அவன் பெண்டாட்டி தெருத்தெருவாகச் சொல்லி வைத்திருந்தாள்.

"நீ பண்ணு தம்பி. என்னப் பாத்து உன் சான்ஸ வுடாத" என்றேன். மனசார இல்லை. வாயால் சொன்னேன்.

அவன் டீ குடிக்கப் போய்விட்டான். எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

பெண்கள் கழிப்பறையில் ஒரு பட்டாளத்தான்

கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம் என்று கழிப்பறைக்குப் போனேன். உள்ளே நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அலறினார்கள். ஒருத்தி வாளியையே தூக்கிவிட்டாள்.

"பொம்பளதாம்மா! பொம்பளதான்!" என்று கெப்பியைக் கழற்றிப் பின்னலைக் காட்டினேன்.

அவ்வளவுதான். அலறல் அப்படியே சிரிப்பானது. சும்மா சிரிப்பில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. வாளி தூக்கியவள் வாளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐம்பது வயசிருக்கும், பளிச்சென்று மஞ்சள் புடவை. பெஞ்சில் இரண்டாவது வரிசையில் அவளைப் பார்த்த நினைவு வந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இங்க இந்தச் சிரிப்பு சிரிக்கிறீங்களே, அங்க ஏம்மா ஒருத்தர்கூட வாயத் தொறக்கல? அவ்ளோ மோசமாவா இருந்துச்சி?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நாங்க காலீலயே சிரிச்சிட்டோமேம்மா. உனுக்கு யாரும் சொல்லலியா?"

அவள் பெயர் பார்வதி. இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்குப் பார்வையாளராக உட்கார வேனில் கூட்டிவரும் ஆட்களில் ஒருத்தி. வாளியில் உட்கார்ந்தபடியே எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். காலை ஏழு மணிக்கு எல்லாரையும் பெஞ்சில் உட்கார வைப்பார்களாம். தளத்தில் ஒருவர் கையைத் தூக்குவாராம். லேசாகச் சிரி என்பார், சிரிப்பார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரி என்பார், சிரிப்பார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரி, பக்கத்து ஆளைத் தட்டிச் சிரி, எழுந்து நின்று கைதட்டு. அரை மணி நேரத்தில் அன்றைய சிரிப்பு மொத்தமும் படம் பிடித்து முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் நடிக்கிறவர்கள் வருவார்கள். அப்போது யாரும் மூச்சுக் காட்டக் கூடாது. வசனத்தின் மேல் சத்தம் விழுந்தால் ஒலிப்பதிவு கெட்டுவிடுமாம். சிரித்தால் அடுத்த நாள் வேனில் ஏற்ற மாட்டார்களாம்.

"அந்தச் சிரிப்ப எதுமேல வெட்டி ஒட்டிப்பாங்களோ, யாரு கண்டா" என்றாள்.

"ஒண்ணுமே நடக்காதப்ப என்னாத்தப் பாத்தும்மா சிரிப்பீங்க?"

"இன்னாத்தப் பாக்கறது? இதோ இவ சிரிக்கறதப் பாத்து நான் சிரிப்பேன். என்னியப் பாத்து இவ சிரிப்பா." பக்கத்தில் நின்றவளைக் காட்டினாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "தோ பாரும்மா. துப்பாக்கி குடுப்பாங்களானு கேட்ட பாரு, அப்ப முந்தானிய வாயில வச்சி அடச்சிக்கினேன். வவுறு இன்னும் வலிக்கிது."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நான் மண்ணைக் கவ்வவில்லை. இயக்குநர் காட்டிய சாட்சியின் வாயை அடைத்து வைத்ததே அவருடைய ஆட்கள்தான். கவ்வியதாக நானே முடிவு கட்டியிருந்தேன். கெப்பியைத் தலையில் வைத்து, கண்ணாடியில் பார்த்து நேராக்கிக்கொண்டு நடந்தேன்.

ஒரே புருஷன்

இயக்குநர் மானிட்டருக்கு முன்னால் இருந்தார். அவருக்கு எதிரே ராஜவேலு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றான். அவன் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

"சார், எனக்குப் பன்னண்டு வருசமா ஒரே புருசன். மாத்திக்க மாட்டேன்."

"என்ன சார் ஜோக் அடிக்கிறீங்க?"

"ஜோக் இல்ல சார். அக்கா இல்லன்னா நானும் இல்ல. புடவைய அவுத்துக் குடுத்துட்டுக் கெளம்பிடறேன்."

டீ குடிக்கப் போனவனைப் பற்றிக் கொஞ்ச நேரம் முன்பு நான் என்னவெல்லாமோ நினைத்திருந்தேன். இந்தத் தொடரைப் படித்தால் அவனுக்கு இப்போதுதான் தெரியும். மன்னித்துக்கொள், தம்பி.

நான் முன்னால் போய் நின்றேன். "சார், ஒரே ஒரு வாட்டி குடுங்க. அதே வேசம், அதே வசனம். இந்தத் தடவ நிக்க மாட்டேன். சரியா வரலன்னா நானே கெப்பியக் கழட்டி உங்க கையில குடுத்துட்டுப் போறேன். பக்கத்து வூட்டுக்காரியா மட்டும் நிக்க மாட்டேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "ஒரே டேக்" என்றார்.

ரெப்போ

மறுபடியும் விளக்குகள், காலி நாற்காலிகள். நடுவர்கள் மதியம்தான் வருவார்கள், பதிவைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அதுவரை காலி நாற்காலிக்குத்தான் வணக்கம் சொல்ல வேண்டும்.

பாலைவனம் வந்தது. மோட்டார் ரிப்பேர் வந்தது. துப்பாக்கி கேட்டேன். சத்தமில்லை. நான் நிற்கவில்லை. ஆனால் அடுத்த வசனத்துக்கும் போகவில்லை. மெதுவாகத் திரும்பி, பெஞ்சுகளின் ஓரமாக நடக்க ஆரம்பித்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்தா ஆட்களைப் பார்வையிடுகிற நடை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

"ஏண்டி, இங்க வந்து பாருடி!" என்று ராஜவேலுவைக் கூப்பிட்டேன். "அறுபது பேரு! ஒருத்தராவது பல்லக் காட்றாங்களா? இது ஒழுங்கு! வூட்ல இருவது வருசமா கத்திக்கினு இருக்கறேன், உங்கிட்ட இந்த ஒழுங்கு வந்துச்சா?"

ராஜவேலு எழுதி வைத்த வசனம் எதுவும் இல்லாமலே பிடித்துக்கொண்டான். "அவங்களுக்கென்னா, நாளெல்லாம் உன் மூஞ்சியப் பாக்கறாங்களா? நான் பாக்கறன்ல!"

முதல் வரிசையில் தோள்கள் குலுங்கின. பார்வதி முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

நான் குதிகாலைத் தட்டி நின்றேன். நெஞ்சைத் தூக்கிக் கத்தினேன். "கார்தாவூ!"

அர்த்தம் யாருக்கும் தெரியாது. நேராக நில் என்பது அது. ஆனால் அறுபது பேரும் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் ஒரு முழுச் சுற்று நடந்தேன். கடைசியில், பெண்டாட்டியிடம் மட்டும் பேசுகிற சின்னக் குரலில், "ரெப்போ" என்று சொல்லிக் கையைத் தளர்த்திக் காட்டினேன். "எளப்பாறுங்கம்மா. பாவம், காலைலேர்ந்து உழைச்சிருக்கீங்க."

அணை உடைந்தது. அறுபது பேரும் ஒன்றாக வெடித்துச் சிரித்தார்கள். பெஞ்சு ஆடியது. யாருடைய கண்ணாடியோ கீழே விழுந்தது. கேமராமேன் கேமராவை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் அசையாமல் நின்றேன். சிரிப்பு ஏறுவதையும் உச்சியில் நிற்பதையும் இறங்குவதையும் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

"கட்! கட்!" இயக்குநர் ஓடிவந்தார். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. "செம மேடம். ஆனா சவுண்டு மொத்தமும் போச்சு. கேமராவும் ஆடிடுச்சு. அதையே அப்படியே இன்னொரு தடவை." பெஞ்சுகளைப் பார்த்துத் திரும்பினார். "யாரும் சிரிக்கக் கூடாது. சிரிச்சா வெளில அனுப்பிடுவேன்."

அப்படியே இன்னொரு தடவையாம்! ஆறிப்போன தோசையைத் திருப்பிச் சுடுகிற வேலை. ஆனால் செய்தேன். அதே நடை, அதே முகங்கள், அதே கார்தாவூ. அவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு கல்லாக இருந்தார்கள். "காலைலேர்ந்து உழைச்சிருக்கீங்க" என்று முடித்துவிட்டு நின்றேன்.

நிற்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இருந்தும் நின்றேன். முந்தின தடவை அவர்கள் எவ்வளவு நேரம் சிரித்தார்களோ அவ்வளவு நேரமும் நின்றேன். இப்போது காதில் ஒரு சத்தமும் இல்லை. ஏசியின் இரைச்சல் மட்டும். ராஜவேலு புரிந்துகொண்டு முந்தானையை நிதானமாகச் சரிசெய்தான். சிரிப்பு இறங்கியிருக்க வேண்டிய நேரம் வந்ததும் அடுத்த வசனத்தில் ஏறினேன். கடைசிவரை போனோம்.

முடிந்ததும் இயக்குநர் கேட்டார், "நல்லா வந்துச்சு மேடம். நடுவுல அவ்ளோ பெரிய கேப் எதுக்கு? ட்ரிம் பண்ணிடவா?"

"பண்ணாதீங்க சார். அது அவங்க சிரிச்ச நேரம். அவங்களுக்கு உட்டது."

அவர் பெஞ்சுகளைப் பார்த்தார். மேக்கப்காரர் பக்கம் திரும்பி, "மேடத்தோட மீசை ஓரம் வுட்டுப் போச்சு பாருங்க, சாயங்காலம் ரிசல்ட் இருக்கு, ஒட்டி வைங்க" என்றார்.

வேன்

அந்தச் சுற்றில் தேறினோம். அதற்கப்புறம் மூன்று சுற்று தாக்குப்பிடித்து அதற்கடுத்ததில் வெளியே வந்தோம். கோப்பையை வாங்கியவர்கள் நிஜமாகவே எங்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தளத்திலும் என் கெப்பிக்கு யாரும் கை நீட்டவில்லை. இன்றைக்கும் டிவியில் ஏட்டு, ஊர்ப் பெரியவர், ரிட்டையர்டு வாத்தியார் என்று ஆண் வேஷத்துக்கே கூப்பிடுகிறார்கள். பெண்டாட்டி வேஷத்துக்குக் கூப்பிடுகிறவர்களிடம் ராஜவேலுவின் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன்.

அது ஒளிபரப்பான அன்று உழவர்கரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்தார் பத்துப் பேரோடு பார்த்தேன். நான் விட்ட நேரத்தை இயக்குநர் வெட்டவில்லை. அதில் காலையில் எடுத்த சிரிப்பைச் சரியாகப் பொருத்தியிருந்தார். மஞ்சள் புடவையில் பார்வதியும் வந்தாள், பக்கத்துப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. எங்கள் வீட்டில் எல்லாரும் நான் நடித்ததைப் பார்த்துத்தான் அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.

ஆனால் அந்த நாளில் எனக்குப் பரிசு கிடைத்தது வேறு இடத்தில். சாயங்காலம் மீசையைக் கழற்றி, எரிகிற உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு வேன் நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்வதி தலையை நீட்டினாள். மீசை இல்லாமல் என்னை அடையாளம் தெரியுமா என்று நினைத்தேன். தெரிந்துவிட்டது.

"சொல்தாம்மா!" என்று கூப்பிட்டாள். நான் வேனோடு கூடவே நான்கு எட்டு ஓடினேன்.

"நாளிக்கிக் காலீல ஏழு மணிக்கி வேற எடத்துல சிரிப்பு இருக்குது" என்றாள். "கையத் தூக்குவான் பாரு, அப்ப இவ மூஞ்சியப் பாக்க மாட்டேன். உன்னிய நெனச்சிக்கினு சிரிப்பேன்."